வாரத் தவணை, தை அறுவடை

வரவு செலவு: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பெரும்பாலும் நம் காவிரிப் பாசன ஊர்கள்தான்: நீடாமங்கலம், ஒரத்தநாடு, மயிலாடுதுறை, திருத்துறைப்பூண்டி. ஒரு வங்கியின் நகைக்கடன் கவுண்டரில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் இதே வட்டாரத்தில் என்பதால், பதில் சொல்லும்போது கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன். அதே கேள்வியை வாய்விட்டுக் கேட்க முடியாமல் பல வீடுகளில் பெண்கள் இருக்கிறார்கள். யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி (வாசகி, நீடாமங்கலம் அருகே ஒரு கிராமம்):

அக்கா, எங்களுக்குச் சொந்தமாக 3 மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்), குத்தகைக்கு 6 மா. வீட்டுக்காரர் சாகுபடி பார்ப்பார், வயலில் வேலை இல்லாத நாட்களில் டிராக்டர் ஓட்டப் போவார். மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு குழு லோன் எடுத்தேன். மகளை நர்சிங் சேர்க்க இரண்டாவது. இந்த இரண்டுக்கும் தவணை கட்ட முடியாமல் மூன்றாவதாக ஒன்று. அது அவருக்குத் தெரியாது. முதல் லோனுக்கு 14 நாளைக்கு ஒருமுறை 1,500 ரூபாய், இரண்டாவதுக்கு மாதம் 2,600, மூன்றாவதுக்கு வாரம் 650. மூன்றாவதில் இன்னும் 22,000 பாக்கி. என் 5 பவுன் அடகுக்கடையில் 80,000-க்கு இருக்கிறது, 2 ரூபாய் வட்டி. நாலு வருஷமாக வட்டி மட்டும்தான் கட்டி வருகிறோம். போன வருஷம் குறுவையும் சம்பாவும் சேர்த்து, செலவும் குத்தகையும் போக 60,000 நின்றது. டிராக்டரில் அவருக்கு வருஷத்துக்கு 85,000 வரும். எனக்கு உரிமைத்தொகை மாதம் 1,000. நூறு நாள் வேலை, களையெடுப்பு எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 20,000. வசூலுக்கு வருகிற பையன் ராத்திரி எட்டரை வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். தெருவே பார்க்கிறது. என் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், பிள்ளைகளோடு அங்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது. நெல் அறுத்தால் எல்லாம் தீரும் என்கிறார் இவர். தீருமா அக்கா?

பதில்:

தங்கச்சி, ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது. போடுவோம்.

முதல் லோனுக்கு வருஷத்தில் 26 தவணை, 39,000. இரண்டாவதுக்கு 31,200. மூன்றாவதுக்கு 52 வாரம், 33,800. ஆக 1,04,000. அடகுக்கடைக்கு மாதம் 1,600 வீதம் 19,200. கடனுக்கென்று மட்டும் வருஷத்துக்கு 1,23,200 ரூபாய் வெளியே போகிறது. உள்ளே வருவது, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கூட்டினால், 1,77,000. மிச்சம் 53,800. மாதத்துக்கு 4,500 கூட வராது. ரேஷன் அரிசி இருப்பதால் அடுப்பு எரிகிறது. மகளின் பஸ் செலவும் மாமியாரின் மாத்திரையும் அந்த 4,500-க்குள் எப்படி அடங்கும்? அடங்காது. அதனால்தான் மூன்றாவது லோன் வந்தது. அப்படியே விட்டால் நாலாவதும் வரும்.

நெல் அறுத்தால் தீருமா என்று கேட்டீர்கள். இப்போதிருக்கிற நிலையில் தீராது. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. நான் கவுண்டரில் இருந்தபோது, மேட்டூர் திறக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்த உடனே எங்கள் கிளையில் கூட்டம் வரும். வழக்கமான தேதி ஜூன் 12. உழவுக்கு, விதைக்கு, நடவு ஆட்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும். இடுப்பில் சொருகிய சுருக்குப்பையை அவிழ்த்துப் பெண்கள் தோட்டையும் சங்கிலியையும் எடுத்து வைப்பார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து, எண் போட்ட உறையில் போட்டு ஒட்டுவார். அதே உறைகள் மாசியில் வரிசையாக வெளியே போகும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியிருக்கும், மொத்தமாகக் கட்டி மீட்டுப் போவார்கள். ஒரு வருஷம் பொய்த்தால் கஷ்டம்தான், ஆனாலும் பெரும்பாலான வருஷங்களில் அது ஓடியது. ஏனென்றால் பணம் எப்போது வருமோ அப்போதுதான் தவணை வந்தது.

உங்கள் வீட்டில் பணம் வருவது புரட்டாசி ஐப்பசியில் ஒருமுறை, தை மாசியில் ஒருமுறை. கடன் கேட்பதோ 52 வாரமும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேரவே சேராது. 2024-ல் மேட்டூரை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருந்தவர்கள் அந்த வருஷம் குறுவையைக் கைவிட்டார்கள். வார வசூல் ஒரு வாரமாவது நின்றதா? விளைந்தாலும் உடனே காசு கிடையாது. 2025-26 பருவத்துக்கு அரசு கொடுக்கிற விலை குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545, பொது ரகம் 2,500 என்பது நல்ல விலைதான். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காயவைத்துக் கொண்டு வா என்பார்கள். ஐப்பசி மழையில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, காவல் கிடக்கிற நாட்களிலும் 650 ரூபாய் கேட்டு ஆள் வந்து நிற்கும். ஆகவே நான் சொல்லப்போவது எல்லாமே ஒரே காரியத்துக்காக: முடிந்த அளவுக்கு உங்கள் கடனை வாரத்திலிருந்து எடுத்து அறுவடைக்கு மாற்ற வேண்டும்.

அதற்கு முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். இதைத் தாண்டி வேறு வழி இல்லை, தங்கச்சி. ராத்திரி எட்டரை வரை திண்ணையில் ஆள் உட்கார்ந்திருக்கிற வீட்டில் அவருக்கு எதுவுமே தெரியாது என்று நான் நினைக்கவில்லை. இரண்டு லோனுக்கு வருகிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். மூன்றாவது என்று வேறு யார் வாயிலிருந்தாவது கேட்டால், அது கடன் விஷயமாக இருக்காது, உங்கள் இருவருக்கும் நடுவே வேறு விஷயமாகிவிடும். மாமியார் எதிரில் வேண்டாம், பிள்ளைகள் எதிரிலும் வேண்டாம். அவர் டிராக்டருக்குப் போய்க் களைத்து வந்த ராத்திரியும் வேண்டாம். வயலில் இரண்டு பேரும் தனியாக இருக்கிற நேரம் நல்லது. மூன்று லோன் அட்டையையும் கையில் கொண்டுபோங்கள். மேலே நான் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "எதுக்கு எடுத்தே" என்று அவர் கேட்டால் பதில் உங்களிடம் இருக்கிறது: ஒன்று அவருடைய அம்மாவுக்கு, ஒன்று அவருடைய மகளுக்கு, மூன்றாவது அந்த இரண்டையும் கட்ட. கோபப்படுவார். படட்டும். அந்தத் தாளை மட்டும் அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். டிராக்டர் வாடகை மணிக்கணக்குப் பார்க்கிற மனுஷருக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது.

அடுத்தது அந்த 5 பவுன். 80,000-க்கு வருஷம் 19,200 வீதம் நாலு வருஷத்தில் 76,800 வட்டி கட்டியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட முதல் அளவுக்கே கொடுத்தாயிற்று, நகை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வைத்தால் 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு 8,000. அடகுக்கடையிலிருந்து மீட்க ஒருநாள் கைமாத்து தேவைப்படும். திருப்பூர்த் தங்கையிடம் கேட்க வேண்டியது அதைத்தான். காலையில் மீட்டு, அன்றைக்கே வங்கியில் வைத்து, சாயங்காலம் அவளுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். வைக்கும்போது, வட்டியும் முதலும் சேர்த்து வருஷக் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டுகிற கடனாகக் கேளுங்கள். அதற்கு 12 மாதம் வரை தவணை உண்டு. உங்கள் மாசிப் பணத்துக்கு அதுதான் பொருத்தம். பட்டா, சிட்டா, அடங்கல் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, விவசாய நகைக்கடனாகத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

மீட்ட நகையில் சின்ன உருப்படி ஒன்றை விற்றுவிடுங்கள் என்று சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தாலிக்கொடியையோ அம்மா வீட்டில் போட்ட சங்கிலியையோ சொல்லவில்லை. மோதிரமோ கம்மலோ போதும். பவுன் விலை இவ்வளவு ஏறியிருக்கிற நேரத்தில் ஒரு பவுன்கூட முழுசாகத் தேவைப்படாது, வார லோனின் 22,000 பாக்கியை ஒரே தடவையில் அடைத்துவிடலாம். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கேட்பார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். இந்த வகைக் குழுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டிய கையோடு கடன் முடிந்தது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைச் செய்தால் 33,800 வார லோன் போய்விடும், வட்டியில் 11,200 குறையும். வருஷத்துக்கு 1,23,200 கட்டிக்கொண்டிருந்த இடத்தில் 78,200. வீட்டுச் செலவுக்கு மாதம் 4,500 என்றிருந்தது 8,200-க்கு மேல் வரும். இதுவும் தாராளம் இல்லை. ஆனால் நாலாவது லோன் எடுக்காமல் இருக்கலாம்.

இனி அந்தத் திண்ணைக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிற ரிசர்வ் வங்கி விதிகள் இவை. வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுக்கிற கடன் எல்லாம் இதற்குள் வரும். ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டுகிற தொகை, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் மாத வருமானம் சராசரி 14,750, பாதி 7,375. மூன்று குழு லோன் மட்டுமே மாதத்துக்கு 8,600-ஐத் தாண்டுகிறது. அந்த மூன்றாவது லோனை உங்களுக்குக் கொடுத்திருக்கவே கூடாது. கொடுக்கும்போது வருமானம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டார்கள் என்பதை அவர்களிடம் கேளுங்கள். வசூல் நடக்க வேண்டியது இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில். அந்த இடத்துக்கு நீங்கள் தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் அவர்கள் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் போன் பண்ணித் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கும்போது, எட்டரை வரை திண்ணையில் உட்கார அந்தப் பையனுக்கு உரிமை கிடையாது. அவனும் யாரோ பெற்ற பிள்ளைதான், மேலே இருந்து விரட்டுகிறார்கள். அவனிடம் சண்டை வேண்டாம். லோன் அட்டையில் புகார் எண் இருக்கும். அதில் சொல்லி, எழுத்திலும் கொடுத்து, தேதியைக் குறித்து வையுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண், கட்டணம் கிடையாது.

திருப்பூர்? கடனுக்குப் பயந்து மட்டும் போகாதீர்கள். நீங்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போனால் உங்கள் தவணை யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். குழுவில் உங்களோடு கையெழுத்துப் போட்டவர்கள், நடவுக்கு ஒன்றாகப் போகிறவர்கள், அவர்களைத்தான் பிடிப்பார்கள். அப்புறம் தீபாவளிக்குக்கூட ஊர்ப்பக்கம் வர மனசு வராது. வேலைக்காகப் போவது வேறு விஷயம். அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பள்ளிக்கூட வருஷம் முடிந்து, சம்பா அறுவடையும் ஆன பிறகு, வாடகையும் அட்வான்ஸும் கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். மகள் படிப்பை நடுவில் பிடுங்க வேண்டாம். அவள் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வர வேண்டும். வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். மாமியாருக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறீர்களா? குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று கொடுத்தால்தான் அது கிடைக்கும். நீங்கள் எழுதிய கணக்குப்படி அதைத் தாண்டுகிறீர்கள். ஆனாலும் மாதாமாதம் வாங்குகிற சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யாமல் விடாதீர்கள். விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், மீதியை அரசுகள் கட்டுகின்றன. குத்தகை நிலத்துக்கும் அடங்கல் வாங்கிச் செய்யலாம். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும், அன்றைக்கு இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது, ஐப்பசி முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். சொந்த 3 மாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். தவணைத் தேதிக்குள் கட்டிவிட்டால் நம் மாநிலத்தில் அதற்கு வட்டியே கிடையாது. அதுவும் அறுவடைக்குப் பிறகு கட்டுகிற கடன்தான்.

கேள்வி (வாசகர், ஒரத்தநாடு பக்கம்):

வணக்கம் அம்மா. எனக்கு 24 வயது, ஐடிஐ ஃபிட்டர். கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. மறுபடி வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. மலேசியாவில் வேலை என்று ஒரு ஏஜெண்ட் 1,80,000 கேட்கிறார். முதலில் டூரிஸ்ட் விசாவில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாமாம். தோப்பை அடமானம் வைக்க அப்பா சம்மதித்துவிட்டார், அம்மா அழுகிறார். போகலாமா?

பதில்:

தம்பி, இந்த ஏஜெண்ட் மூலமாகப் போகாதீர்கள். உங்கள் அம்மா அழுவதில் நியாயம் இருக்கிறது.

டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்ப்பது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் சிறை, அபராதம், அப்புறம் திருப்பி அனுப்புதல். பிடிபடாவிட்டாலும் சம்பளம் தராத முதலாளி மேல் புகார் கொடுக்க முடியாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் கேட்க முடியாது. ஊரில் ஒரு சாவு என்றால் வர முடியாது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் வெளிநாடு போய் நன்றாக வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், காலிங் விசா, அதாவது வேலைக்கான அனுமதியோடு வருகிற விசா, கையில் வந்த பிறகுதான் விமானம் ஏறினோம் என்பார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் உண்டா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்ட் தன் சேவைக்காக வாங்கக்கூடிய அதிகபட்சத் தொகை 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். 1,80,000 கேட்கிறவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், அப்போதே தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, ஃபிட்டர், வெல்டர் போன்றவர்களுக்கு அங்கே அறிவிப்புகள் வரும். பெயரைப் பதிந்து வையுங்கள்.

அதுவரை திருச்சிப் பக்கம் துவாக்குடியில், பெல் நிறுவனத்தைச் சுற்றி இருக்கிற ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வேலை தேடுங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழோடு போகிற ஃபிட்டருக்கு வெளிநாட்டில் கிடைக்கிற சம்பளமே வேறு. அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: 1,80,000-ஐ 2 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,600. மகன் அங்கே வேலையில் சேருவதற்கு முன்னாலேயே அது ஓட ஆரம்பித்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலைக்குப் பிறகு அந்தத் தோப்பை அவர் எத்தனை பாடுபட்டு மறுபடி எழுப்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பாளை விடுகிற நேரத்தில் அதை வைக்க வேண்டாம்.

கேள்வி (வாசகர், மயிலாடுதுறை):

சகோதரிக்கு வணக்கம். ஓர் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றேன். மாத ஓய்வூதியம் மிகக் குறைவு. 14 லட்சத்தை 2023-ல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு, வரும் வட்டியில் நானும் மனைவியும் காலம் தள்ளுகிறோம். சென்னையில் ஐடி வேலையில் இருந்த மகனை இரண்டு மாதம் முன்பு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கடன் தவணை மாதம் 38,000. 10 லட்சம் கொடுத்தால் கடனைக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறான். மருமகள் வேலைக்குப் போகிறாள், பேரனுக்கு நான்கு வயது. பெற்ற பிள்ளை கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது?

பதில்:

ஐயா, இல்லை என்று சொல்ல வேண்டாம். ஆனால் 10 லட்சத்தைக் கொடுக்கவும் வேண்டாம்.

காரணம் இதுதான். வீட்டுக்கடனில் மொத்தமாக ஒரு தொகை கட்டினால், நாம் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுக்காதவரை, வங்கிகள் வழக்கமாகத் தவணைக் காலத்தைத்தான் குறைக்கும். மாதத் தவணை அப்படியே 38,000-ஆக நிற்கும். உங்கள் பணம் போயிருக்கும், அடுத்த மாதம் அதே 38,000-க்கு அவர் எங்கே போவார்? இன்னொன்று, இந்தச் சேமிப்புத் திட்டத்தில் இடையில் கொஞ்சம் மட்டும் எடுக்க வழியில்லை. கணக்கையே முடிக்க வேண்டும். இரண்டு வருஷம் தாண்டியதால் முதலில் 1 சதவீதம், அதாவது 14,000 பிடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 28,700 வந்துகொண்டிருக்கிறது. அது நின்றால் நீங்கள் இரண்டு பேரும் மகனிடம்தான் கை நீட்ட வேண்டும், வேலை இல்லாத மகனிடம்.

மகனை உடனே வங்கிக்குப் போகச் சொல்லுங்கள். தவணை 90 நாள் நின்றுபோனால் அது வாராக்கடன் கணக்கில் போய்விடும், அதன் பிறகு பேசுவது கடினம். இப்போது போனால் வேலை போன கடிதத்தைக் காட்டி, தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்க வெட்கப்படுகிறார்கள் இந்தப் பிள்ளைகள். நீங்களே ஒருதடவை கூடப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

உங்கள் கையில் சேமிப்புக் கணக்கில் தனியாக ஏதாவது இருந்தால், இரண்டு மூன்று மாதத் தவணைக்கு மட்டும் உதவுங்கள், எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டு. மருமகளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்றால் இன்னொரு யோசனை. சென்னை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கொஞ்ச காலம் மூவரும் மயிலாடுதுறைக்கு வந்து உங்களோடு இருக்கட்டும். பேரனுக்கு இன்னும் பெரிய வகுப்பு இல்லை, பள்ளி மாற்றுவது சிரமமில்லை. வாடகை தவணையின் ஒரு பகுதியைத் தாங்கும். ஊர் என்ன சொல்லும் என்று மகன் தயங்கினால், இது உன் வீடு என்று நீங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமலே தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், வேலை போன மனதுக்கு அது தெரிவதில்லை.

கேள்வி (வாசகி, திருத்துறைப்பூண்டி):

ஒவ்வொரு வருஷமும் மே கடைசியில் என் வீட்டுக்காரர் வங்கிக் கணக்கிலிருந்து 436 ரூபாயும் 20 ரூபாயும் எடுத்துவிடுகிறார்கள். எதற்கு என்றே தெரியவில்லை. நிறுத்தச் சொல்லலாமா?

பதில்:

நிறுத்தாதீர்கள் அம்மா. கணக்கு தொடங்கும்போதோ பின்னாலோ அவர் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த இரண்டு காப்பீடுகள் அவை. 436 ரூபாய் ஆயுள் காப்பீடு: எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். சேர்வதற்கு வயது 18 முதல் 50 வரை, 55 வயது வரை தொடரலாம். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு: விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம். அதற்கு வயது 18 முதல் 70 வரை. இரண்டுமே ஜூன் 1 முதல் மறு வருஷம் மே 31 வரை. அந்தச் சமயத்தில் கணக்கில் 456 ரூபாய்கூட இல்லாமல் போனால் காப்பீடு அறுந்துவிடும்.

பணம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்குக்கூட எதற்கு என்று தெரிவதில்லை. கணவர் இறந்து மாதக்கணக்கில் ஆன பிறகு, கணக்கை மூட வந்த பெண்களிடம் பாஸ்புக்கைப் பார்த்து நாங்கள்தான் சொல்வோம், உங்களுக்கு 2 லட்சம் வர வேண்டும் என்று. கேட்டுவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரரோடு ஒருநாள் கிளைக்குப் போய், இரண்டு காப்பீட்டிலும் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கு என்றால் அவருடைய அம்மா பெயரோ அப்பா பெயரோ இருக்கும். மாற்ற வேண்டுமானால் அவரே கையெழுத்துப் போட்டு ஒரு படிவம் கொடுத்தால் போதும். உங்கள் கணக்கிலும் இந்த இரண்டும் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள், இல்லை என்றால் சேர்ந்துவிடுங்கள்.